ஒரே ஒரு கட்டம்

செவ்வாய், இரவு

இன்று கம்பெனியில் சூப்பர்வைசர் ஒரு படிவம் கொடுத்தார். அதில் தேர்வானால் வேலை நிரந்தரம். 'தேர்ச்சி பெற்ற வேலை' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. நான் ரிலீவர். ஐந்து வருடமாக லைனில் யார் எழுந்து போனாலும் அவர்கள் இடத்தில் உட்காருகிறேன். பதினொரு வேலையும் தெரியும்.

"எல்லாத்தையும் எழுதலாங்களா சார்?"

"ஒண்ணுதாம்மா. எது நல்லா வருமோ அதை எழுது."

ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வேலைக்கு ஓர் ஆளைத்தான் எடுப்பார்கள் என்று அவர் பிறகுதான் சொன்னார்.

அதே லைனில் இருக்கும் மஞ்சுளாவுக்கு சால்டரிங் மட்டும்தான் தெரியும். அவளும் அதைத்தான் எழுதியிருந்தாள். ஓசூர் வந்ததிலிருந்து நாங்கள் ஒரே அறை. இன்று பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கியதும் கேட்டாள்.

"உனக்குப் பதினொண்ணு தெரியும். எனக்கு இருக்கறதே அது ஒண்ணு. அதையேவாக்கா எழுதுன?"

இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், தூங்கவில்லை. காலையில் படிவத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் சால்டரிங்கை அடித்துவிட்டு எதை எழுதுவேன்? நான் உட்கார்ந்த பதினொரு இடமும் யாரோ ஒருத்தியுடைய இடம்.