ஒண்ணரை அட்டை

மரியே வாழ்க
கீழ்வேளூர்
5.11.2024

என் சுண்டக்கா,

போன் பண்ணினா "யாரு, யாரு"ன்னு கத்திட்டு வச்சிடுற. உன் காதுக்கு என் குரல் எட்டலை. அதான் கடுதாசி. அஞ்சாவது படிச்சதுக்கு இப்பதான் வேலை வந்திருக்கு. தப்பு இருந்தா சிரிக்காதே.

கல்லறைத் திருநாளுக்கு ஊரே போச்சு. நான் போகலை. என் வீட்டுக்காரவங்க போய் ரெண்டு மாசம் ஆகுது. மண்ணு மேல புல்லு முளைச்சிருக்கும், பிடுங்கணும். மெழுகுவத்திகூட வாங்கி வச்சேன். குளிச்சிட்டுக் கிளம்பலாம்னு உக்காந்தவ, உக்காந்தபடியே பொழுது சாஞ்சிடுச்சு. எனக்கே வெக்கமா இருக்கு.

சம்பா நடவுக்குக் கூப்பிட்டாங்க. அதுக்கும் போகலை. படுத்தா எந்திரிக்க முடியலை. தூக்கமும் இல்லை. சுவத்துல ஒரு கீறல் இருக்கு, அதையே பாத்துக்கிட்டுக் கிடக்கேன். நெஞ்சு மேல நெல்லு மூட்டையை இறக்கி வச்ச மாதிரி இருக்கு.

வீடு வீடா வந்து பிரஷர் பாக்குற பொண்ணு கலைமகள் வந்துச்சு. கையில பட்டையைக் கட்டிப் பாத்துட்டு மூஞ்சி மாறிடுச்சு. "நூத்தி எம்பது இருக்கும்மா. ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. அப்புறம் மாசாமாசம் மாத்திரையை நானே வீட்டுக்குக் கொண்டாந்து தர்றேன். சோறு இறங்கலை, தூக்கம் இல்லைங்கிறதையும் சொல்லுங்க. மனசு இப்படிக் கிடந்தா இதயத்தையும் சேத்துத்தான் இழுக்கும்"னுச்சு.

சரின்னேன். எப்படிப் போவேன்? அங்க வாசல்ல அந்த பெஞ்சு கிடக்கு. நெஞ்சு வலிக்குதுன்னு என் வீட்டுக்காரவங்களைக் கூட்டிட்டுப் போய் அதுலதான் உக்கார வச்சேன். "ஒரு டீ வாங்கியா"ன்னாங்க. வாங்கிட்டு வர்றதுக்குள்ள சாஞ்சிருந்தாங்க. என் கையில டீ சூடாவே இருந்துச்சு. அந்த வாசல்ல இனிமே கால் வைக்க மாட்டேன்.

உன் முட்டிவலி எப்படி இருக்கு?

உன் தங்கச்சி
சகாயம்மாள்

*

திருவையாறு
17.11.2024

அடி நெட்டச்சி,

மாதா உன்கூட இருக்கட்டும். மூணு தடவை படிச்சேன். பனைமரமா வளந்த, புத்தி மட்டும் என் இடுப்பு உசரம்கூட வரலை. உன் வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் தம்பியைக் கொண்டுபோனது பெஞ்சு இல்லைடி. ஆனா நான் திட்டினா நீ போயிடுவியா? மாட்டே. கிணத்துல விழுந்த செம்புக்காக ரெண்டு நாள் பட்டினி கிடந்தவ நீ.

அதனால ஒரு வேலை செஞ்சிருக்கேன். எனக்கு மாசம் மூணு அட்டை பிரஷர் மாத்திரை தர்றாங்க. அதுல ஒண்ணரை அட்டையைக் கத்தரிச்சு இதுக்குள்ள வச்சிருக்கேன். தபால் ஆபீஸ்ல முத்திரை குத்துறப்ப நொறுங்கும்னு கோயில் காலண்டர் அட்டையை மடிச்சு, நடுவுல வச்சுத் தச்சிருக்கேன். காலையில சாப்பிட்டுட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு. ஒரு வயித்துல பொறந்தவ, எனக்குக் கேக்குற மாத்திரை உனக்குக் கேக்காதா? என்கிட்ட நிறைய மிச்சம் கிடக்கு. நோண்டிக் கேக்காதே.

மவன் ரெமிஜியஸ் என்னை நல்லா வச்சிருக்கான். மருமவ ரோஸ்லின்தான் "சோறு திங்க வாங்க"ன்னு காதுகிட்ட கத்தி ஊரைக் கூட்டுறா. நாலு வீட்டு ஆளு சாப்பிட வந்துடுவாங்க போல.

போட்டேன்னு எழுது.

வியாகுலம்

*

கீழ்வேளூர்
4.1.2025

என் சுண்டக்கா,

ரெண்டாவது கவரும் வந்துச்சு. தவறாம போடுறேன். நெஞ்சு லேசாத்தான் இருக்கு.

கிறிஸ்மஸுக்கு மவ சான்ட்ரா திருப்பூர்லேர்ந்து வந்தா. "எங்கூட வந்திரும்மா"ன்னா. ஒரு ரூம்ல அஞ்சு பொண்ணுங்க தங்கிக்கிட்டு கம்பெனிக்குப் போறாங்க. நான் எங்க போய்ப் படுக்குறது? போயிட்டு வான்னு பஸ் ஏத்தி விடக்கூடப் போகலை. அவதான் வாசலைத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனா.

வெளியில வயல்ல கதிர் விட்டு நிக்குது. வாசனை உள்ள வருதுன்னு கதவைச் சாத்திட்டேன். கலைமகள் வந்து தட்டுச்சு. மூச்சு விடாம கிடந்தேன். தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போயிடுச்சு.

எந்திரிக்கணும்னுதான் தினம் நினைக்கிறேன். நினைப்பு காலுக்கு வந்து சேர மாட்டேங்குது.

சகாயம்

*

திருவையாறு
12.2.2025

அடி நெட்டச்சி,

இது நாலாவது கவர். பத்திரமா பிரி.

நூறு நாள் வேலையில வாய்க்கால் தூர் வாரப் போனேன். தலை சுத்தி கரையிலயே உக்காந்துட்டேன். "என்னாத்தா, காத்து வாங்க வந்தியா?"ன்னான் ஒருத்தன். "உன் மூஞ்சியைப் பாத்ததுல மயக்கம் வந்துடுச்சுடா"ன்னேன். இடது கை அப்பப்ப மரத்துப்போகுது. வயசாச்சுல்ல.

நல்லா இருக்கேன்னு எழுதுற. உன் எழுத்து நல்லா இல்லை, பாதிக் கோட்டுலயே ஓய்ஞ்சு விழுந்து கிடக்கு. பரவாயில்லை. பொய் சொல்ற தெம்பாவது இருக்குல்ல, அது போதும் எனக்கு.

சாம்பல் புதனுக்குள்ள ஒரு எட்டு வந்துட்டுப் போ. கெழுத்தி மீன் குழம்பு வைக்கிறேன். அப்புறம் தவக்காலம், நாப்பது நாளு மீன் சட்டியைக் கவுத்துடுவேன்.

வியாகுலம்

*

கீழ்வேளூர் ஆஸ்பத்திரி
28.3.2025

என் சுண்டக்கா,

குழம்புக்குக் கூப்பிட்ட. மண்ணு போடத்தான் வந்தேன்.

ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கிளம்பினவ, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வாசப்படியிலயே சாஞ்சிட்டியாம். என் வீட்டுக்காரவங்க போனதுக்கப்புறம் நான் ஊர் எல்லையைத் தாண்டினது உன்னைத் தூக்குறதுக்குத்தான். பெட்டிக்குள்ள இன்னும் குட்டையாத் தெரிஞ்ச.

"ஒழுங்கா மாத்திரை போட்டாங்களா"ன்னு டாக்டர் கேட்டாராம். "மாசம் தவறாம வாங்கிடும் சார்"னு ரெமிஜியஸ் சொன்னானாம். என் தோள்ல சாஞ்சு, "போட்டும் இப்படி ஆயிடுச்சே சித்தி"ன்னு அழுதான். உன் தலைமாட்டு டப்பாவுல கத்தரிச்ச அட்டை கிடந்துச்சு. யாரும் பாக்குறதுக்குள்ள எடுத்து மடியில கட்டிக்கிட்டேன்.

உன்கிட்ட மட்டும் சொல்றேன். நான் ஒண்ணுகூடப் போடலை. ஒவ்வொரு கவரையும் பிரிச்சு, மாதா படத்துக்குக் கீழ பிஸ்கட் டின்ல போட்டேன். எதுக்குப் போடணும், எதுக்கு இருக்கணும்னுதான் கிடந்தேன். ஆறு அட்டையும் அப்படியே இருக்கு. உன் உடம்புக்குள்ள போக வேண்டியதெல்லாம் என் வீட்டு டின்னுக்குள்ள கிடந்திருக்கு.

அந்த டின்னோடதான் இன்னிக்கு வந்திருக்கேன். அதே பெஞ்சு. அவங்க சாஞ்ச ஓரத்தை விட்டுட்டு இந்த ஓரத்துல உக்காந்து எழுதுறேன். கலைமகள்தான் கூட்டிட்டு வந்துச்சு. "டீ வாங்கியாரட்டுமாம்மா"ன்னுச்சு. வேண்டாம், எங்கயும் போகாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். "அடுத்தவங்க மாத்திரையைப் போடக் கூடாதும்மா, டின்னைக் குடுங்க"ன்னுச்சு. குடுக்கலை.

இன்னும் ரெண்டு பேருக்கு அப்புறம் என்னைக் கூப்பிடுவாங்க. உள்ள போவேனா, எந்திரிச்சு ஓடுவேனான்னு தெரியலை.

பொய் சொல்ற தெம்பு இருக்குல்லன்னு எழுதினியே. அதையே படிச்சுப் படிச்சுப் பாக்குறேன். நான் போடலைன்னு தெரிஞ்சேதான் மாசாமாசம் கத்தரிச்சு அனுப்பினியா, சுண்டக்கா?