இரும்புக் கதவுக்குப் பின்னால் உன் கற்கள்

மேல் வீட்டில் காலையிலிருந்து தரையை உடைக்கிறார்கள். சுவர் முழுக்க அதிர்கிறது. ஜன்னலை அடைத்தும் பொசுங்கிய கல்லின் வாடை உள்ளே வந்துவிட்டது. இரண்டு படிகக்கற்களை ஒன்றோடொன்று ஓங்கி மோதி என் மூக்கருகே நீட்டுவாயே, அதே வாடை. "மோந்து பாருடா பயந்தாங்கொள்ளி. கல்லுக்கும் கோவம் வரும்" என்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீ போன பிறகு அந்த வாடை என் மூக்கில் ஏறுவது இதுதான் முதல் முறை.

உனக்கு எழுதுவது சரிதானா என்று தெரியவில்லை. ஜூரோங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சாயங்களைச் சோதித்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். இருமுறை பார்க்காமல் எதையும் எழுதியதில்லை. இதில் சொல்லப்போவதை ஒரே முறைதான் பார்த்தேன், மறுபடி பார்க்க வழியில்லை.

நீ கற்களை அடித்துத்தான் நேசித்தாய். சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் 'செவ்வந்திக்கல், மன அமைதி தரும்' என்று எழுதி வைத்திருந்த ஊதாக் கட்டியை எடுத்து, வெயிலில் ஒரு பார்வை பார்த்து, நடைபாதையில் ஓங்கி எறிந்தாயே, நினைவிருக்கிறதா?

"பாட்டில் கண்ணாடி! சாயம் போட்டு விக்கிறான்!"

"என்னண்ணே, ரவுடியா நீங்க? போலீஸக் கூப்பிடவா?" என்று கடைக்காரர் கத்தினார்.

"கூப்பிடுலா. வந்தா அவருக்கும் ஒரு மன அமைதி வித்துடு."

கூட்டம் சிரித்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வீடு வந்ததும் ரோசியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். உன் மனைவி சிரிக்கவில்லை. "இவர வெளியில கூட்டிட்டுப் போகாதீங்கண்ணே" என்று என்னிடம்தான் சொன்னாள்.

உன் கற்களில் பாதிக்குமேல் அவள் கொண்டுவந்தவை என்பது நம் மூவருக்கும் தெரியும். கப்பல் பட்டறையில் நீ இருந்த நாட்களில், பழுது பார்க்க வந்த கப்பல்களின் மாலுமிகள் தங்கள் ஊர்க் கல்லைக் கொண்டுவருவார்கள். பதிலுக்கு உன் வீட்டில் அவள் கையால் மீன்குழம்புச் சாப்பாடு. பிரேசில்காரன் ஒருவன் மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டு கண்ணீரோடு கொடுத்த செவ்வந்திக்கல்தான் உன் சேகரிப்பிலேயே அழகானது. பச்சைப் பூசணியைப் பிளந்தது போல வெளியே கரடு, உள்ளே ஊதா முனைகளின் அடர்த்தி.

பொங்கோல் வீட்டுக்கு மாறியதும் அத்தனையும், இங்கே புது வீடுகளுக்குள்ளேயே கட்டித் தரும் பாம் ஷெல்டருக்குள் போயின. மற்றவர்கள் பழைய பெட்டிகளையும் கிறிஸ்துமஸ் மரத்தையும் போட்டு வைக்கும் அந்தக் கான்கிரீட் அறை உனக்குக் கோயிலானது. புற ஊதா விளக்குக்கு முழு இருட்டு வேண்டும். அந்த இரும்புக் கதவைச் சாத்தினால் இருட்டு முழுதாகக் கிடைத்தது. பகலில் அழுக்கு உப்புக்கட்டி போலிருந்த கால்சைட், விளக்கின்கீழ் அடுப்புத் தணலாகச் சிவந்தது. ஃபுளோரைட் நீலமாக எரிந்தது. நான் தூரிகையால் தூசி தட்டிப் பெயர்ச்சீட்டு ஒட்டுவேன். நீ பார்த்துக்கொண்டே இருப்பாய். ஒருமுறை நீ இறக்கிய பெட்டி என் கால்விரல்மேல் நின்றது. "காலு, காலு" என்று உன் தோளருகே சொல்லிக்கொண்டே இருந்தேன். உனக்கு உறைக்கவில்லை. நானே உருவிக்கொண்டேன்.

ரோசி படுத்த படுக்கையான பிறகு அவள் கட்டிலைக் கூடத்தில் போட்டாய். குளிப்பாட்டினாய், ஊட்டினாய். அதை நான் பார்த்திருக்கிறேன். மாலையில் கொஞ்ச நேரம் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். அப்படி ஒரு மாலையில் அவள் எழ முயன்று விழுந்தாள். நீ வெளியே வந்தபோது தரையில் கிடந்தாள். மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து நீயும் நானும் உன் மகன் ஜெரால்டும் உன் வீட்டுக்கு வந்தோம். நாம் 'மக்சி' என்று கூப்பிடும் எதிர்வீட்டு மலாய் அம்மா, ஜெரால்டின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். 'விழுந்த அன்று மாலை உன் அம்மா ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்து நான் போகவில்லை' என்று அவனிடம் சொன்னார். மனதிலிருந்த பாரத்தை இறக்கி வைத்தார், அவ்வளவுதான். ஜெரால்டின் முகத்தை நான் பார்த்தேன். செருப்பைக் கழற்றாமல் நேராக ஷெல்டருக்குப் போனான். உன் சுத்தியலை எடுத்தான்.

முதல் அடி செவ்வந்திக்கல்லுக்கு. ஊதாச் சில்லுகள் கூடம்வரை தெறித்தன.

"அம்மா கூப்பிட்டாங்கப்பா!" இன்னோர் அடி. "எதிர்வீட்டு மக்சிக்குக் கேட்டுச்சு! சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்த உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கலடா. சத்தியமா கேக்கல."

"பொய்!" தட்டு சரிந்தது. "அவங்க சமைச்சுப் போட்டு வந்த கல்லுப்பா இது! அவங்கள விட்டுட்டு இதப் பாத்துட்டு இருந்தீங்க!"

நீ பாய்ந்து அவனை அறைந்தாய். அவன் தள்ளினான். அலமாரி விளிம்பில் உன் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் கால்சைட்டை அடித்தான். எத்தனை முறை உடைத்தாலும் கால்சைட் அதே சாய்ந்த பெட்டி வடிவில்தான் உடையும். அவன் காலடியில் குட்டிக் கால்சைட்டுகள் பெருகிக்கொண்டே போயின. அது அவன் வெறியை இன்னும் ஏற்றியது. மிதித்தான், அடித்தான், கைமுட்டியால்கூடக் குத்தினான். கடைசியில் கைக்கு எட்டியதில் உடைக்க எதுவும் மிஞ்சாதபோது சுத்தியல் உன் பக்கம் திரும்பியது.

"ஜெரால்டு, போதும்பா" என்றேன். நூலகத்தில் பேசுவது போன்ற குரலில். உன் தலைக்குமேல் சுத்தியல் நின்றது.

நீ ஒதுங்கவில்லை. "அடிடா. ஆனா அதுக்கு முன்னாடி நீயே உள்ள போய் நில்லு. கதவச் சாத்து. இவன் அவ படுத்திருந்த எடத்துலேருந்து கூப்பிடட்டும். கேட்டுச்சுன்னா வெளிய வந்து என்னய அடிச்சே கொல்லு."

அவன் உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினான். கைப்பிடி மேலேறிப் பூட்டிக்கொண்டது.

அந்தச் சோதனை தப்பு. அது அப்போதே எனக்குத் தெரிந்தது. கேட்பதற்கென்றே நிற்பவன் காதும், கற்களில் தொலைந்திருந்தவன் காதும் ஒன்றல்ல. நீ ஜன்னல் பக்கம் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாய்.

"என்னன்னு கூப்பிட?"

"'என்னங்க'ன்னுதான் கூப்பிடுவா. அவ கூப்பிடற மாதிரியே கூப்பிடு."

கட்டில் கிடந்த இடத்தில் நின்றேன். காலுக்கடியில் சில்லுகள். என் வயதில், என் தொண்டையில், உன் மனைவியின் குரலைத் தேடினேன். "என்னங்க" என்றேன். மெதுவாக, மூச்சு வாங்குகிறவள் சொல்வது போல.

"அது பத்தாது. சாவற பயத்துல கத்திருப்பாடா. கத்து!"

கத்தினேன். வாழ்நாளில் யாரையும் பார்த்துக் கத்தாத நான், "என்னங்க! இங்க வாங்களேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. நீ தலையைக் கம்பியில் மோதிக்கொண்டிருந்தாய்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஜெரால்டின் கையில் சுத்தியல் இல்லை.

"கூப்பிட்டீங்களா அங்கிள்?" என்றான். "உள்ள ஒண்ணும் கேக்கல."

நீ அப்படியே தரையில் உட்கார்ந்தாய். கற்குவியலுக்கு நடுவில் மண்டியிட்டு, தன் சட்டை நுனியால் அவன் உன் உதட்டைத் துடைத்தான். "விடுங்கப்பா. உங்களுக்குக் கேட்டிருக்காது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நீ அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டாய். அதன்பின் ஞாயிறு தவறாமல் மார்சிலிங்கிலிருந்து வந்து, உன்னைப் பூசைக்குக் கூட்டிப்போய், மதியம் வரை உன்னோடு இருந்தான். உன் சவப்பெட்டியின் தலைமாட்டை அவன்தான் தூக்கினான்.

நீ முதுகைக் காட்டி நின்றதால் பார்க்காததை இப்போது சொல்கிறேன். நான் மெதுவாகக் கூப்பிட்ட அந்த முதல் முறையிலேயே கதவின் கைப்பிடி இறங்கியது. பாதிவரை இறங்கி நின்றது. பிறகு மெல்ல, சத்தமில்லாமல், மேலே போனது. நான் தொண்டை கிழியக் கத்தியபோது அது அசையவேயில்லை.

அவனுக்குக் கேட்டது. அந்த இருட்டில் நின்று, உன்னைக் கொல்லாமல் விட அவன் முடிவெடுத்தான். அவன் எப்படி அதைச் செய்தான் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. நான் பார்த்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. கோயிலில் பார்க்கும்போது "சாப்பிட்டீங்களா அங்கிள்?" என்று கேட்பான். "ஆச்சுப்பா" என்பேன். அவன் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். பிடித்தால் அவனுக்குப் புரிந்துவிடுமோ என்ற பயத்தில், என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.