ஓடைக்கு அப்பால் ஊற்று

அன்பு மகள் ஷிம்ரெய்லாவுக்கு,

டெல்லி வெயிலில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. உன் அண்ணி ஹோர்மிலாவைப் புதைத்து இன்றோடு ஒன்பது நாள். போனில் என் அழுகைதான் உனக்குக் கேட்டிருக்கும், நடந்தது கேட்டிருக்காது.

ஏப்ரலில் காட்டுக்காக நம் ஊரும் நான் பிறந்த ஊரும் துப்பாக்கியோடு ஓடைக்கரையில் நின்றபோது நான் நடுவில் போய் நின்றேன் என்று சொன்னேனே, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஓர் ஊரில் பிறந்து இன்னோர் ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணைப் புக்ரெய்லா, சமாதானக்காரி என்பது நம் வழக்கம், அவள் குறுக்கே வந்தால் இரண்டு பக்கமும் ஆயுதத்தை இறக்கியாக வேண்டும், இறக்கினார்கள். என்னைப் போலவே அங்கிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த இன்னும் நாலு பெண்கள் என்னோடு நின்றார்கள். சண்டையை நிறுத்த நாங்கள் வேண்டும், ஆனால் சர்ச் ஹாலில் சமாதானம் பேச உட்கார்ந்தபோது எங்களுக்குக் கிடைத்த இடம் பின்னால் அடுப்படி. பன்றிக்கறி ஆக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடைதான் எல்லை, கடைசி முடிவு வரும்வரை ஒருவரும் தாண்டக் கூடாது, தாண்டினால் காவல் நிற்பவர்கள் சுடலாம் என்று எழுதினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழை பிடித்தால் ஓடை சேறாகிவிடும், குடிதண்ணீருக்கு நாம் அக்கரை ஊற்றுக்குத்தானே போவோம், தண்ணீர் சுமக்காத ஆண்களுக்கு அது எப்படி நினைவு வரும். கரண்டியோடு போய் நம் ஊர்த் தலைவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "மழைக்கு இன்னும் நாள் கெடக்கு அண்ணி, நீங்க போய்க் கறிக்கு உப்பு போதுமான்னு பாருங்க" என்றார். ஹாலே சிரித்தது.

மழை இந்த வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. சேற்றுத் தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சிப் பத்து நாள் ஓட்டினோம், உன் அண்ணன் மகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. ஹோர்மிலா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காலையில் கேனை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நல்ல பனிமூட்டம். அந்தக் கரையில் காவல் நின்றவன் என் தம்பி மகன் வுங்ராம். சுட்ட பிறகுதான் யார் என்று பார்த்திருக்கிறான். அவனே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்து நம் கரையில் கிடத்தி, "அத்தை, அத்தை" என்று கத்தினான். நான் ஓடியபோது அவளுக்கு உயிர் இல்லை.

உன் அண்ணன் ராம்சன் என்னோடு பேசுவதில்லை. பேசியது ஒரே தடவை, "சுட்டது உன் தம்பி மகன், உனக்கு எங்க வலிக்கும்" என்று கேட்டான். எனக்கு இரண்டு பக்கமும் வலிக்கிறதடி, அதை அவனிடம் எப்படிச் சொல்வேன். துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறான். குழந்தை கேன் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறாள்.

வியாழக்கிழமை மறுபடி பேச்சு. இந்தத் தடவை தலைவரே வீடு தேடி வந்து, நான் உள்ளே உட்கார வேண்டும் என்றார். அன்று என்னோடு நின்ற நாலு பேரையும் சேர்த்து ஐந்து நாற்காலி என்றேன். "இடம் பத்தாதே அண்ணி" என்று இழுத்தார். "பத்தலைன்னா உங்காளுங்க அஞ்சு பேர் அடுப்படிக்குப் போகட்டும், நாங்க யாரும் சமைக்கப் போறதில்ல" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். முதல் வரியாக ஊற்றுப் பாதையை எழுத வைப்பேன். ஆனால் அன்றைக்கு ராம்சன் துப்பாக்கியோடு கிளம்பினால் அவன் முன்னால் நிற்க வேண்டியவளும் நான்தான். எனக்காக இறக்குவானா என்று தெரியவில்லை, பயமாக இருக்கிறது. நீ சொன்னால் கேட்பான், வியாழனுக்கு முன்னால் அவனோடு பேசு, மறந்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்திருக்கட்டும்.

இன்னொன்று, யாரிடமும் சொல்லாதது. துப்பாக்கிகளுக்கு நடுவில் நின்றவள் அன்று அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிற்கவில்லை. இன்னொரு முறை சொல்லியிருக்கலாம், கத்தியிருக்கலாம். பேசாமல் திரும்பிப் போய்க் கறியை ருசி பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

உன் அம்மா,
தெம்ரெய்சோன்