உம்மு கைஸின் முழங்கால்

பிப்ரவரி 4, ஞாயிறு

எரிச்சலில் சாப்பாடே இறங்கவில்லை. ஃபலாஃபெல் பையிலேயே காய்ந்து கிடக்கிறது.

காது பரிசோதிக்கும் பயிற்சியில் இன்று எனக்கு வந்தவன் கைஸ். நாலு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. ஹெட்போனைத் தொட்டாலே அலறினான். அதனால் அம்மா மடியில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் சத்தம் கொடுத்தேன். கேட்டதும் மர வளையத்தைக் கம்பில் போட வேண்டும். மிக மெல்லிய சத்தத்துக்கும் போட்டான்! அப்புறம்தான் கண்ணாடி வழியாகக் கவனித்தேன் — ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் அம்மா உம்மு கைஸின் முழங்கால் லேசாக எழும்புகிறது. அவளுக்குக் கேட்கிறது, இவன் வளையம் போடுகிறான்.

எங்கள் பேராசிரியர் டாக்டர் ஹைதமிடம் ஓடினேன்.

"நார்மல்னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடு, துகா. முழங்காலெல்லாம் நம்ம பாடத்துல இல்ல."

என் மதிப்பெண் அவர் கையில். எழுதினேன். சீ!

பிப்ரவரி 5

அந்தத் தாளைக் காட்டினால் எவன் கைஸுக்குக் காதுக் கருவி தருவான்? அதில் என் கையெழுத்து வேறு இருக்கிறது.

பிப்ரவரி 7

மழலையர் பள்ளிக்குக் காட்ட அந்தத் தாளில் முத்திரை வாங்க உம்மு கைஸ் வந்தாள். முழங்காலைப் பற்றி நேராகவே கேட்டுவிட்டேன்.

"குளிருல நடுங்கிச்சும்மா."

ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்திருந்தவள்!

"இன்னொரு தடவை பாத்துடலாம், அக்கா. நார்மல்னு வந்தா ஒரு தட்டு கனாஃபெ இனிப்பு நான் வாங்கித் தரேன்."

"என் புள்ள மேல கண்ணு வைக்கிறியா? அவன் அப்பனே அஞ்சு வயசுலதான் பேசினான்!" கத்தினாள். ஆனால் போகும்போது, "எப்ப வரணும்?" என்றாள்.

பிப்ரவரி 11

டாக்டர் வகுப்பில் இருந்த நேரம். ஹெட்போனை உம்மு கைஸின் தலையில் மாட்டி, கல்யாணப் பாட்டை உரக்க வைத்தேன். இனி ஸ்பீக்கரில் நான் கொடுக்கும் சத்தம் அவளுக்குக் கேட்காது.

கொடுத்தேன். வளையம் அசையவில்லை. கூட்டினேன். இல்லை. கைஸோ அம்மாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான், எப்போது எழும்பும் என்று.

அதை அவளும் பார்த்துவிட்டாள். ஹெட்போனைக் கழற்றினாள். ஸ்பீக்கர் சத்தத்தில் அறையே அதிர்ந்துகொண்டிருந்தது.

"இதுகூடவா கேக்கல?"

அந்த நேரம் பார்த்து ஹைதம். "யாரைக் கேட்டு இதைச் செஞ்சே?"

"நீங்க பாக்கல, டாக்டர். நான் பாத்தேன்!" என் குரல் தாழ்வாரம்வரை போயிருக்கும். போகட்டும்.

மார்ச் 3

பயிற்சியில் ஃபெயில். காரணம்: 'ஒழுங்கீனம்'. அடுத்த பருவம் முழுக்க மறுபடி. வயிறு எரிகிறது.

ஏப்ரல் 28

சோதனை அறைக் கதவில் புது அறிவிப்பு: குழந்தையோடு வரும் பெற்றோர் ஹெட்போன் அணிய வேண்டும். கீழே ஹைதமின் கையெழுத்து. வெட்கமில்லாத மனுஷன்! உம்மு கைஸ் கொண்டுவந்த கனாஃபெயில் முதல் துண்டை எடுத்ததும் அவர்தான்.

கைஸின் இரண்டு காதிலும் கருவி, மறுசோதனைத் தாளைக் காட்டி வாங்கியது. சொல்லாமலேயே உம்மு கைஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவனை மடியிலிருந்து இறக்கித் தனி நாற்காலியில் உட்காரவைத்தாள். தன் முழங்கால்கள் இரண்டையும் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மெல்லிய சத்தம் ஒன்று கொடுத்தேன்.

வளையம் விழுந்தது.