கயிற்றின் மறுமுனை

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் ஸ்தோத்திரம். முட்டிவலி தேவலையா? உலகில் ஒருவரும் நம்பாத கதையொன்றை இதனால் பிரகடனம் செய்கிறேன்.

நேற்று மேகங்களுக்கு மேலே, தொண்ணூறாவது மாடியில் தொங்கியபடி கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். கால் வழுக்கிவிட்டது. கழுகுகள் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தன. மொட்டைமாடியில் என் கயிற்றைப் பிடித்திருந்தவனோ, இங்கே நான் பேச இருக்கும் ஒரே ஆள். நான் எருமை என்று திட்டியதால் மூன்று வாரமாக அவனும் பேசுவதில்லை. "கர்த்தாவே, வேற ஆளே கிடைக்கலையா?" என்று அலறினேன்.

என்னை மேலே இழுத்துப் போட்டுவிட்டு மூச்சிரைத்தான்.

"என்மேல கோவம் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"நிறைய இருக்கு. அதுக்காகக் கயித்த விட்ருவாங்களாடா, எருமை?"

வேதபாட வகுப்புக்கு இரட்சகர் என்றால் யாரென்று சின்னவள் கேட்டிருந்தாளே. நாம் திருந்தும்வரை காத்திராமல் பிடித்துக்கொள்பவர் என்று எழுதச் சொல். மாமா சொன்னதாகச் சொல்லாதே, மதிப்பெண் குறையும்.

பெரிய கைக்குத் தடித்த கையுறை ஒரு ஜோடியும், காயத்துக்குக் களிம்பும் அனுப்பு. பதிலை நீளமாக எழுது. நாளை மறுபடி ஏற வேண்டும், ஜெபித்துக்கொள். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

பயப்படாதே, தொண்ணூறும் கழுகும் புளுகு. வெறும் நாலாவது மாடிதான். அவன் உள்ளங்கைத் தோல் உரிந்தது மட்டும் நிஜம்.