உள்ளரங்கத் தரைக்கு வாட்டம் வைத்த கதை

மேஸ்திரி,

பல்கலைக்கழக உள் விளையாட்டரங்கின் மரத்தரைக்கு இன்று புது வார்னிஷ் அடிக்கிறார்கள். வாசலைத் தாண்டும்போதே அந்த நெடி மூக்கில் ஏறியது. பின்னாலேயே நீயும் வந்துவிட்டாய். செத்து இரண்டு மாதம் ஆகியும் உனக்கு வேலையிடத்தை விட மனசில்லை.

பெரிய கோயிலுக்கு அடுத்தபடி சோழ நாட்டில் எழுந்த மாபெரும் கட்டடம் இந்த அரங்கம்தான். நடுவில் ஆயிரம் வருஷம் இங்கே எவனும் செங்கல்லைத் தொடவில்லை. நாம் இதைக் கட்டிய நாளிலிருந்தே இதுதான் என் கட்சி. ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம் அது. வீட்டுக்கு ஒருவர் துபாய்க்குக் கிளம்ப, நீயும் பாஸ்போர்ட் எடுத்திருந்தாய். என்ஜினியர் அனுபவச் சான்றில் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

நான் அங்கே தற்காலிக ஓவர்சியர். மரத்தரைக்கு அடியில் வரும் கான்கிரீட் போட்ட அன்று மகாராஜா மாதிரி கையை வீசி, "கிழக்கால ரெண்டு அங்குலம் வாட்டம் விட்ருங்க மேஸ்திரி" என்றேன். முற்றத்துக்கும் குளியலறைக்கும் தண்ணீர் வடியத் தரையைச் சரித்தே பழகிய வாய்.

நீ தலையைச் சொறிந்தாய். "மேலதான் கூரை இருக்கே அண்ணே, தண்ணி எங்கேருந்து வரும்?"

"இது காவிரிப் பாசனம்யா. தண்ணி எங்கேருந்து வரும்னு எவனும் கேக்கக் கூடாது!"

பதினைந்து நாள் கழித்து என்ஜினியர் மேற்குக் கோடியில் ஒரு பந்தை வைத்தார். அது வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டது போலக் கிழக்கே நடையைக் கட்டியது.

"விளையாடுற தரைக்கு யாருய்யா வாட்டம் வைக்கச் சொன்னது?"

என் நாக்கு அந்த நொடியே குடவாசல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. நீ என்னை ஒரு தரம் பார்த்தாய்.

"நான்தான் சார். பழக்கதோஷம். பத்து நாள் குடுங்க, நிரவித் தர்றேன். அப்புறமா கையெழுத்துப் போடுங்க."

வாசல்களில் களிமண் வரப்புக் கட்டி, நாற்றங்காலுக்குப் பாய்ச்சுவது போல அரங்கத்துக்குள் தண்ணீர் விட்டாய். கிழக்கே தண்ணீர் தேங்கியது. மேற்கே தரை மொட்டையாகத் தெரிந்தது. பள்ளத்தைக் குச்சியால் அளந்து குறித்து, தண்ணீரை வடித்து, கலவை போட்டுப் பரம்படித்தாய். காய்ந்ததும் மறுபடி தண்ணீர். இந்த முறை சுவருக்குச் சுவர் ஒரே மட்டம். என்ஜினியர் பந்தை வைத்தார். அது அசையவில்லை. தட்டிக்கூடப் பார்த்தார், கொஞ்சம் உருண்டு நின்றுவிட்டது. அங்கேயே பேனாவைத் திறந்தார். நான் விட்ட பெருமூச்சில் கொக்குகள் கீழ்வேளூர் வரை பறந்தன.

ஆனாலும் உண்மையை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து, உன் மனைவியிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அழுத கண்ணோடு சிரித்துவிட்டது அந்தத் தங்கச்சி.

"அன்னைக்கே சொல்லிட்டாருங்க அண்ணே. 'அந்த மனுஷனா வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் நீ கேட்டுறாத'ன்னாரு."

என் நெஞ்சிலிருந்து அன்றைக்கு இறங்கிய பாரத்தை ஏற்ற நாலு லாரி பற்றாது, மேஸ்திரி.

உன்னுடைய அந்த "நான்தான் சார்" மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. எங்கேயாவது ஒரு தொழிலாளி தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தால், யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிடுகிறது. இதுவரை நான் செய்யாத மூன்று தப்புகளை ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதில் ஒன்று நடந்தபோது நான் ஊரிலேயே இல்லை.