மாமி வீட்டு கார் ஷெட்

நவம்பர் 18, செவ்வாய்

கார் வந்துவிட்டது! மாம்பழ மஞ்சள். பழைய கார்தான், மூன்றாவது சொந்தக்காரி நான். இருந்தால் என்ன? முப்பத்தாறு வயதில் லிசி டீச்சருக்குச் சொந்தக் கார்! ஒரே குறை, பாலக்கரையில் நான் குடியிருக்கும் சந்துக்குள் அது நுழையாது. அரியமங்கலத்தில் என் அண்ணன் தைரியராஜின் லேத் பட்டறையில் விட்டுவைத்திருக்கிறேன். ஒரு சாவி அவனிடம்.

நவம்பர் 22

போய்ப் பார்த்தால் என் பின்சீட்டில் இரும்புக் கம்பிக் கட்டு! "சும்மாதானே நிக்குது" என்கிறான் அண்ணன். டிசம்பர் பத்துக்குள் கார் நிறுத்த இடமுள்ள வீடு பார்க்காவிட்டால் அவனே எடுத்துக்கொள்வானாம். "உனக்கு எதுக்குடி கார்? பஸ் இருக்கு இல்ல?"

எனக்கு எதுக்கா? ஆசைக்குத்தான்! வேற எதுக்கு?

நவம்பர் 25

தென்னூர். "கார் பார்க்கிங் இருக்குங்க மேடம்" என்றார் புரோக்கர் ரெங்கராஜ். இருந்தது. நட்டநடுவில் போர் மோட்டார். "மோட்டார் மேலயே ஏத்திடலாமாங்க?" என்று கேட்டேன். மனிதர் நிஜமாகவே யோசித்தார்.

நவம்பர் 29

இன்று மூன்று வீடு. "தெருவுல நிறுத்திக்குங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." மூன்றிலும் இதே பாட்டு.

டிசம்பர் 1

ஸ்ரீரங்கம்! மாடி போர்ஷன், கீழே செண்பகவல்லி மாமி, பக்கத்தில் கூரை போட்ட கார் ஷெட். காலியாக! ஓடிப்போய்க் காலடி வைத்து அளந்தேன்.

"எல்லாரும் முதல்ல சமையலறையைத்தான் பாப்பா. நீங்க ஷெட்டை அளக்கறேளே!" என்றார் மாமி. பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆத்துல மாமிசம் சமைக்கப்படாது. சம்மதமா?"

"பிரியாணி வெளிய போய் சாப்பிட்டுக்கறேன் மாமி. அதான் கார் இருக்கே!"

மாமி சிரித்துவிட்டார். வீடு எனக்குத்தான்.

டிசம்பர் 8

குடிவந்தாயிற்று. ராத்திரிக்குள் ஐந்து தடவை கீழே இறங்கி ஷெட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். பைத்தியம்தான்.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. ஏழு மணிக்குச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தால், ஷெட் வாசலை அடைத்து ஒரு கோலம். எத்தனை புள்ளி! விடியும் முன்னே எழுந்து போட்டிருக்கிறார் மாமி. அதன் மேல் எப்படி ஏற்றுவது? கார் ஷெட்டில். நான் பஸ்ஸில்.

டிசம்பர் 17

இன்றைக்கு இன்னும் பெரிய கோலம். பஸ்.

அண்ணன் போன் செய்தான். "ஓட்டலைன்னா சொல்லு, ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறேன்." யார் சொன்னார்களோ!

மாமியிடம் எப்படிச் சொல்வது? கோலத்தைக் குறை சொன்னாள் என்று முகம் சுளித்துவிட்டால்? இந்த வீடும் போச்சுன்னா எங்க போவேன்? மார்கழி முப்பது நாளும் பஸ்தானா?

டிசம்பர் 18

சாயங்காலம் மாமியே கேட்டார். "ஏன் பஸ்ல போறேள்? கார் ரிப்பேரா?"

"இல்ல மாமி... கோலம்" என்று உளறிவிட்டேன்.

மாமி விருட்டென்று உள்ளே போனார். தொலைந்தேன் என்று நின்றேன். திரும்பி வந்தவர் கையில் தையல் டேப்! நேரே ஷெட்டுக்குப் போய், காரின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். "அந்த டயர்கிட்ட முனையைப் பிடிங்கோ. நடுவுல எத்தனை இடம் இருக்குன்னு பாப்போம்."

டிசம்பர் 19

ஷெட் வாசலிலிருந்து தெருவரை ஒடுக்கமாக, நீளமாக ஒரு தாமரைக் கோலம். இரண்டு பக்கமும் சக்கரம் போக வெறும் தரை. மாமி தெருவில் நின்று கை காட்டினார். "வாங்கோ... நேரா வாங்கோ... போறும், இப்போ ஒடிங்கோ!"

ஸ்டியரிங்கை ஒடித்ததில் பின்சக்கரம் கடைசித் தாமரையின் இரண்டு இதழை அழித்துவிட்டது. பதறிப்போய் இறங்கினேன்.

"போறது, ஸ்கூலுக்கு நாழியாறது, கிளம்புங்கோ" என்றார் மாமி. "நாளைக்கு நான் ரெண்டு இதழ் கம்மியாப் போடறேன். நீங்க ஒரு அடி தள்ளி ஒடிங்கோ."

டிசம்பர் 21, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேரே பட்டறைக்குக் காரிலேயே போனேன். அண்ணனிடம் இருந்த இன்னொரு சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.